பட்டணம் கிளம்பும் நாளில் வார்த்த அம்மை

எனக்கு யாரையும் லேசில் நம்பி வராது. பால் அளக்கிறவளின் கட்டைவிரல் ஆழாக்குக்குள் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று இன்றைக்கும் பார்ப்பேன். இந்தக் குணம் நைனாவிடமிருந்து வந்தது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் திருப்புலிவனம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வயிற்றுவலி என்று எந்தப் பையன் சொன்னாலும், காலையில் என்ன தின்றாய் என்று ஆரம்பித்துக் குறுக்கு விசாரணை செய்யாமல் வீட்டுக்கு விடமாட்டார்.

நாங்கள் குடியிருந்தது உத்திரமேரூரில். மூன்று பெண்கள். நான் மூத்தவள், பத்து வயது. கடைசித் தங்கைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அவளைச் 'சின்னது' என்போம்.

அந்தப் பங்குனியில் பட்டணத்து அத்தையிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அத்தை நைனாவுக்கு அக்கா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. தபால்காரர் வந்தபோது நைனா பள்ளிக்கூடத்தில் இருந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, என்னைப் படிக்கச் சொன்னாள். 'போன தடவை பேசியபடி லீவுக்கு வரும்போது சின்னவளைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிடு. மூன்று பெண்களை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய். இங்கே குறையில்லாமல் வளருவாள்' என்று எழுதியிருந்தது. அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு கார்டை வாங்கி நைனாவின் மேஜைமேல் வைத்துவிட்டு, அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். முறத்தில் கல்லே இல்லை. அவள் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நைனா கார்டைப் பற்றி மூச்சு விடவில்லை. "லீவு வுட்டதும் எல்லாரும் பட்டணம் போறோம். பீச்சு, உயிர் காலேஜ் எல்லாம் பாக்கலாம்" என்று மட்டும் சாப்பிடும்போது சொன்னார். மிருகக்காட்சி சாலையை அப்போது உயிர் காலேஜ் என்பார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்திலும் சிங்கம்தான். அம்மா "சரி" என்றாள். சண்டை இல்லை, கேள்வி இல்லை. அவ்வளவு சுலபத்தில் சரி சொல்லுகிற ஆள் இல்லை அவள். அப்போதே எனக்கு உறுத்தியது.

சின்னதை அங்கேயே விட்டுவிடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. பிஸ்கட்டாகத் தின்று கொழுக்கப் போகிறாளே என்று பொறாமைதான் பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிஜம் அதுதான்.

கிளம்புவதற்கு முதல் நாள் பெட்டி கட்டினோம். "சின்னதோட துணி ஒண்ணு வுடாம எடுத்து வை" என்றார் நைனா. ஒரு மாத லீவுக்கு மார்கழிக் குல்லா எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. எடுத்து வைத்தாள். சாயங்காலம் சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் தனியாகப் போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ வூட்டைப் பாத்துக்கோ" என்றாள். விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினாள். சின்னதின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. முதுகெல்லாம் மண்.

"இன்னாம்மா ஆச்சு?"

"விளுந்துட்டா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். சின்னதுக்குச் சட்டை மாற்றிய அம்மா அப்படியே நின்றுவிட்டாள். வயிற்றில் ஐந்தாறு சிவந்த பொட்டு. "கொயந்தைக்கு அம்மா வாத்துருக்குது" என்றாள். அடுத்த நிமிஷம் வேப்பிலை ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகிவிட்டாள்.

அவ்வளவுதான், பயணம் நின்றது. அம்மை வார்த்த வீட்டிலிருந்து யாரும் ஊருக்குப் போகக்கூடாது. அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் வீட்டில் தாளிக்கக்கூடக் கூடாது. அதை வியாதி என்று சொல்வதே தப்பு. தாய் வந்து இறங்கியிருக்கிறாள். சந்தேகப்பட்டால் தாயையே சந்தேகப்பட்ட மாதிரி. ஒரு பொட்டைக் காட்டி ஒரு குடும்பத்தையே கட்டிப்போட்டுவிடலாம். எவ்வளவு வசதி என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நைனா சின்னதின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலே இல்லியே. வேர்க்குரு மாதிரி கீது."

"வேர்க்குரு எது, தாய் எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

நைனா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். அத்தை கார்டு விஷயம் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் நைனா. நான்தான் படிச்சிக் காட்டினேன்."

"நேத்து சாயந்திரம் எங்க போனா?"

ஏரிக்கரை வேலியோரம் காஞ்சொறிச் செடி மண்டிக் கிடக்கும். பட்டால் தோல் சிவந்து தடித்துவிடும். அதைத்தான் இரவெல்லாம் யோசித்து வைத்தவள் போல எடுத்துவிட்டேன். "ஏரிக்கரைக்குப் போச்சு நைனா. காஞ்சொறி தேச்சிருக்கும். இதை அம்மாதான் வர வெச்சிக்கீது." நேரில் பார்த்த மாதிரியே சொன்னேன். சிங்கம் வேண்டியிருந்தது எனக்கு.

நைனா வேப்பிலையைத் தொடவில்லை. அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை. சின்னதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா வாசலை மறித்தாள்.

"வாணாங்க. நெசமா தாய்தாங்க. பச்சக் கொயந்த, தாங்காது."

"உம் பொண்ணே சொல்றா, நீதான் வர வெச்சேன்னு."

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. நன்றாக மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். அவள் வழி விட்டாள். நடுத் தங்கை அம்மாவோடு இருந்துவிட்டாள். நைனாவும் நானும் சின்னதும் பதினோரு மணி பஸ்ஸில் கிளம்பினோம்.

செங்கல்பட்டில் ரயில் ஏறும்போதே சின்னதுக்கு உடம்பு கொதித்தது. என் மடியில் துவண்டு கிடந்தாள். பால் வாங்கிக் கொடுத்தோம், குடிக்கவில்லை. நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அத்தை வீடு ஆறு குடித்தனங்களுக்கு ஒரு குழாய் உள்ள இடம். அத்தை ஓடி வந்து, சின்னதை வாங்கி, முத்தம் கொடுத்து, முகம் கழுவிவிடச் சட்டையைக் கழற்றினாள். வயிறு, முதுகு, கழுத்து எல்லாம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டிருந்தது. அத்தை சின்னதை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"இன்னா தம்பி, அம்மை போட்ட கொயந்தையையா கொணாந்துக்கீற? சுகாதார ஆளுங்களுக்குத் தெரிஞ்சா வண்டி வந்து தூக்கிக்கினு போயிடும். வூட்டுக்காரர் எங்களையும் வெளிய தொரத்திடுவார்."

விறகு போட்டிருந்த அறையில் எங்களைப் படுக்கச் சொன்னாள். மறுநாள் முதல் ரயிலில் திரும்பினோம். சிங்கம் எனக்கு ஞாபகமே வரவில்லை. சின்னது செத்துப்போய்விடுவாள், கொன்றது நான்தான் என்று வழியெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சின்னதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நைனாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோரு நாள் வேப்பிலைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். சின்னது பிழைத்துக்கொண்டாள். சொறிந்துகொண்டதில் நெற்றியிலும் கன்னத்திலும் தழும்பு நின்றுவிட்டது. அத்தை வந்து பார்க்கக்கூட இல்லை. அடுத்த வருஷம் புருஷனுடைய தம்பி பெண்ணை எடுத்து வளர்த்தாள். சின்னதை யாரும் அப்புறம் கேட்கவில்லை, நைனாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அம்மா என்னிடமும் எதையும் கேட்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எப்போதாவது என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்ப்பாள், அவ்வளவுதான். அதை வெறுப்பு என்றே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வருஷம் கழித்து, கண் ஆபரேஷன் முடிந்து அம்மா என் வீட்டில் தங்கியிருந்தாள். கண்ணில் கட்டு. அவள் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் ஒரு மத்தியானம் ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நைனா கிட்ட நான் பொய் சொன்னேம்மா. நீ காஞ்சொறி தேச்சதை நான் பாக்கல."

"பொய்யின்னு யாரு சொன்னது?" என்றாள்.

"அப்போ நெசமாவே தேச்சியா?" என்றேன்.

"தேய்க்கலடி. ஏரிக்கரை கங்கையம்மன் கோயிலுக்குப் போனேன். சின்னதைத் தாயி முன்னால தரையில போட்டுட்டுக் கேட்டேன். இவளை என்கிட்டேர்ந்து பிரிக்காத, அதுக்கு நீ இன்னா வேணாலும் பண்ணுன்னேன். காலைல பாத்தா வந்து நிக்கிறா. நீ வேற, நான்தான் வர வெச்சேன்னு உங்க நைனா கிட்ட சொல்லிட்ட. உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல. கேக்கவும் பயம்."

கட்டுக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இன்னா வேணாலும்னு வாய் வுட்டுட்டேனே. உசுரையே எடுத்துக்கினு போயிருந்தா?"

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு அவளும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.