குடும்பத்தில் யாருக்கும் இல்லை

எங்கள் மகள் ரூத் பிறந்து ஆறு வாரம் ஆகியும் அவள் கண்ணில் இருந்த மஞ்சள் போகவில்லை. பச்சைக் குழந்தைக்குக் காமாலை வருவது சகஜம், காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆரணியில் வெயிலுக்கா பஞ்சம்? தினமும் மொட்டைமாடியில் அவளைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மஞ்சள் கூடிக்கொண்டே போனது.

தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு செவிலியர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "பாப்பாவுக்கு மோஷன் என்னா கலர்ல போவுது?"

"வெளுப்பாத்தான் போவுது சிஸ்டர்" என்றாள் என் மனைவி எஸ்தர். "வெறும் பால்தானே குடிக்குது, அதனாலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

செவிலியர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். முதலில் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நான் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் வேலை செய்கிறேன். நிறம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கேட்ட மஞ்சளுக்கும் வந்த மஞ்சளுக்கும் ஒரு துளி வித்தியாசம் இருந்தாலும் நூலைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட மகாராசன் நான், ஆறு வாரமாக என் குழந்தையின் துணியை ஒருநாள்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. அது பெண்கள் வேலை என்று இருந்துவிட்டேன். இதைப் படிக்கும் தகப்பன்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குழந்தையின் மலம் வெள்ளையாகவோ களிமண் நிறத்திலோ போனால் வெயிலை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சென்னையில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கல்லீரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு இறங்கவில்லை என்று தெரிந்தது. கல்லீரல் மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவசரமில்லாமல் பேசுவார். பித்தநாள அடைப்பாக (கல்லீரலுக்கு வெளியே இருக்கும் பித்தக் குழாய் அழிந்து மூடிக்கொள்வது) இருக்கலாம் என்றார். அப்படியானால் குடலின் ஒரு பகுதியைக் கல்லீரலோடு இணைக்கும் அறுவை சிகிச்சையை இரண்டு மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. பரம்பரையாக வரும் வேறு சில நோய்களும் பார்ப்பதற்கு இதேபோல இருக்கும். அவற்றுக்கு இந்த அறுவையால் பலன் இல்லை. சில குழந்தைகளுக்குக் கெடுதலாகவும் முடியும். மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஆனால் முடிவு வரப் பல வாரம் ஆகும். எங்களுக்கு மிச்சமிருந்தது இரண்டே வாரம்.

"பாப்பா நெஞ்சுல லேசா ஒரு சத்தம் கேக்குது" என்றார். "நெறைய கொழந்தைங்களுக்கு இருக்கும், தானா போயிடும். இருந்தாலும் கேக்கறேன். உங்க ரெண்டு பேர் குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே இதயத்துல கோளாறு, கல்லீரல் கோளாறு எதாவது இருந்துதா?"

எஸ்தர் யோசித்துவிட்டு, தன் வீட்டில் யாருக்கும் இல்லை என்றாள். மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லீங்க மேடம்" என்றேன்.

பொய். எனக்கே இருந்தது.

நான் நான்காவது படிக்கும்போது பள்ளிக்கு வந்த மருத்துவர் என் நெஞ்சில் ஓர் இரைச்சல் கேட்பதாகச் சொன்னார். அம்மா என்னை இரண்டு முறை வேலூருக்கு அழைத்துப் போனார். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் ஒரு கிளை சற்றுக் குறுகலாக இருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா அதோடு அதை மறந்துவிட்டார். மறந்துவிடும்படி என்னிடமும் சொன்னார். போளூரில் எஸ்தர் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனபோது, "எம் புள்ளைக்கு ஒரு தலைவலி காய்ச்சல்னு வந்தது கெடையாது" என்று சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபையில் திருமண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் கேட்பார். என் நெஞ்சின் இரைச்சல் சட்டப்படி ஒரு தடையே இல்லை. ஆனாலும் மூன்று ஞாயிறும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவர் கேட்டபோது ஒரு பக்கம் எஸ்தர், மறுபக்கம் அம்மா. வாய் தானாக இல்லை என்று சொல்லிவிட்டது. பயம்தான், வேறொன்றுமில்லை. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை மதியம் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அழைத்தார்கள். படிவத்தோடு இணைத்திருந்த தாளில் குடும்ப நோய் வரலாறு என்று ஒரு வரி. அதற்கு எதிரே, குறிப்பிடும்படி எதுவுமில்லை என்று அச்சடித்திருந்தது. நான் சொன்ன பொய் அங்கே மருத்துவமனையின் சொல்லாக மாறியிருந்தது. அதை நம்பித்தான் ஐம்பத்தோரு நாள் குழந்தையின் வயிற்றைத் திறக்கப் போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையெழுத்துப் போடாமல் எழுந்தேன்.

மருத்துவரின் அறைக்குப் போனேன். எஸ்தரும் குழந்தையோடு பின்னால் வந்தாள். அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

மருத்துவர் திட்டவில்லை. "சட்டை பட்டனைக் கழட்டுங்க" என்று சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு என் முகத்தையும் ரூத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அகன்ற நெற்றி, உள்ளடங்கிய கண், கூரான தாடை. அப்பன் ஜாடை என்று எல்லோரும் கொஞ்சிய முகம்தான். என்னைக் கண் பிரிவுக்கு அனுப்பினார். கருவிழியின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை வளையம் இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். முதுகை எக்ஸ்ரே எடுத்ததில் ஓர் எலும்பு வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தது மாதிரி நடுவில் பிளந்திருந்தது. முப்பத்து மூன்று வருடம் நான் சுமந்து திரிந்த முதுகு. குழந்தைக்குத் துணையாக வந்தவன் சாயங்காலத்துக்குள் நோயாளியாகிவிட்டேன்.

அறுவையை நிறுத்தினார்கள். கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்ததில் உள்ளே பித்தக் குழாய்கள் குறைவாக இருந்தன. அலஜில் நோய்க்குறி (கல்லீரலுக்குள் பித்தக் குழாய்கள் குறைந்து, இதயம், கண், முதுகெலும்பு ஆகியவற்றையும் பாதிக்கும் பரம்பரை நோய்) என்றார்கள்.

அன்று மாலை வராந்தாவில் எஸ்தர் ஒரே ஒரு முறைதான் பேசினாள். "கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லாதது போவட்டும். டாக்டர் கேட்டப்பக்கூட வாய் தொறக்கலயே. நான் பக்கத்துல இருந்தேன்னுதானே?"

"ஆமா" என்றேன்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பின் பல மாதங்கள் மருந்து, பால், பேருந்து நேரம் இவற்றைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். கர்ப்பத்தில் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் குழந்தைக்கு இப்படி ஆகியிருக்காது என்று அம்மா சொன்னபோதெல்லாம் நான் மௌனமாக இருந்தவன்.

மரபணு முடிவு வந்தது. எனக்கும் ரூத்துக்கும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே மாற்றம். எஸ்தருக்கு இல்லை. அம்மாவும் மறுக்காமல் ரத்தம் கொடுத்தார், அவருக்கும் இல்லை. அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. அவரிடமிருந்து வந்ததா, என்னிடமே புதிதாகத் தொடங்கியதா என்று இனி அறிய வழியில்லை. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு என்று மரபணு ஆலோசகர் (பரம்பரை நோய்களை விளக்கி வழிகாட்டுபவர்) சொன்னார்.

"ஒரே மாத்தம்னா, நான் மட்டும் எப்படிங்க நல்லா கீறேன்? கொழந்தைய மட்டும் ஏன் இப்படிப் போட்டு வாட்டுது?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்கும் முழுசா தெரியல சார். அதைத்தான் தேடிகிட்டு இருக்கோம்" என்றார். ஆராய்ச்சிக்கு எங்கள் ரத்தத்தைத் தரச் சம்மதமா என்றும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் கையை நீட்டினாள். மாற்றம் இல்லாதவர்களின் ரத்தமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த இரண்டு வருடம் அரிப்புதான். பித்தம் உடலில் தேங்கினால் தோல் நமைக்கும். ரூத் காதையும் காலையும் ரத்தம் வரும்வரை சொறிவாள். கைக்குக் காலுறை மாட்டி வைத்தோம். பித்தத்தை இறக்க ஒரு மருந்து, அரிப்புக்கு ஒன்று, கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் தனியே. இப்போது துணி மாற்றுவது, நிறம் பார்த்து எழுதி வைப்பது எல்லாம் என் வேலை.

அவளுக்கு ஐந்து வயதாகிறது. வயதுக்கு உயரம் குறைவு, வாய் மட்டும் நீளம். கல்லீரல் இதுவரை தாக்குப் பிடிக்கிறது. ஒருநாள் மாற்றுக் கல்லீரல் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவருமே பரிசோதனைக்குப் போகிறோம். என் உடம்பு எனக்கு மட்டும் சொந்தமானது என்ற எண்ணம் போய்விட்டது. காலத்தையும் நாங்கள் மாதம், வருடம் என்று எண்ணுவதில்லை. போன பரிசோதனை, அடுத்த பரிசோதனை, அவ்வளவுதான். அதற்கு அப்பால் என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

போன மாதம் கலசப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பதி எங்களைத் தேடி வந்தார்கள். அவர்களுடைய குழந்தைக்கும் இதே நோய். எஸ்தர் எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக் காட்டி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவர்கள் போனதும் அம்மா ஆரம்பித்தார்.

"பொம்பளப் புள்ளம்மா அது. ஊருக்கெல்லாம் சொல்லிகினு இருந்தா நாளைக்கி யாரு கட்டிப்பாங்க?"

"மாப்ள வூட்டுக்காரங்க வந்தா மொதல்ல இந்த ரிப்போர்ட்டத்தான் கையில குடுப்பேன் அத்தை. காப்பி அப்புறம்தான்."

"அப்படிக் குடுத்தா ஒருத்தனும் வர மாட்டான்."

"வரவன் வரட்டும். அவ டிகிரி முடிச்சி, வேலைக்குப் போயி, அப்புறம்தானே கல்யாணம்?"

எப்போதோ வரப்போகிற ஒரு மாப்பிள்ளைக்காக இரண்டு பேரும் மும்முரமாகச் சண்டை போட்டார்கள். அன்றைக்கு ரூத் இருப்பாளா என்ற சந்தேகம் இருவருக்குமே வரவில்லை. அந்தச் சண்டை இன்னும் கொஞ்ச நேரம் நடக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.