ரோபோ விழுந்த பக்கம்

பிள்ளைகளே, எங்கள் தாராவி வீட்டின் ஒரே அறையில் ஒரு ரோபோ நடந்தது! ஒரு முழ உயரத்தில் மனுஷ உருவம். என் மகளே பாகங்களைப் பூட்டி, கம்ப்யூட்டர் வழியாக நடை பழக்கியிருந்தாள். மறுநாள் பள்ளிக் கண்காட்சி. ஆனால் இரண்டடி வைத்ததும் அது விழுந்துகொண்டே இருந்தது.

"என் புரோகிராம் தப்புப்பா. நாளைக்கு நான் போகலை," என்று அழுதாள்.

ஒவ்வொரு முறையும் அது பாத்திரம் கழுவும் மூலைப் பக்கமே விழுவதைக் கவனித்தேன். தண்ணீர் ஓடுவதற்காக நானே சரித்துப் பூசிய தரை!

"ஏட்டி, தப்பு உன் மேல இல்ல, என் தரை மேல!"

என் தொழிலுக்கான தோல் வெட்டும் பலகையைத் தரையில் போட்டு, பள்ளமான பக்கம் அதன் அடியில் செய்தித்தாளை மடித்துச் செருகினேன். ரோபோ பலகையின் கடைசிவரை நடந்து நின்றது.

"அரே, நடக்குப்பா!" என்று குதித்தாள்.

மறுநாள் அவள் ரோபோவைத் தூக்கிக்கொண்டாள். நான் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.