கரி மூடை இறக்கிப் படித்த இங்கிலீஷ்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இங்கிலீஷ் மேல் வந்த கோபம்தான் அதில் பெரியது.

தூத்துக்குடியில் ஒரு சரக்கு யார்டில், கிரேனுக்குக் கீழே நின்று சுமைக்குச் சங்கிலி மாட்டும் தற்காலிக வேலை பார்த்தேன். நிரந்தரமாக்க ஒரு தேர்வு வைத்தார்கள். வெளிமாநில சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில் இங்கிலீஷில் சொல்வார். சொன்னதைச் செய்ய வேண்டும். தோற்றால் சொந்த ஊர் பரளச்சிக்குத் திரும்பி, மழையை நம்பிய காட்டில் கருவேலங்கரி மூட்டம் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அருப்புக்கோட்டையில் ஒரு இங்கிலீஷ் பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். டேக் என்றால் எடு. அது எனக்கும் தெரியும். பக்கத்தில் ஆஃப் வந்தால் கழற்று, டவுன் வந்தால் இறக்கு, ஓவர் வந்தால் பொறுப்பை வாங்கிக்கொள், அப் வந்தால் ஏழெட்டு அர்த்தம். ஒரே வார்த்தையை வைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன்.

என் மனைவி அதை எடுத்துத் தூசி தட்டினாள். அவள் படித்தது பி.ஏ. ஆங்கிலம். அதற்குக் கிடைத்தது ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. அதை நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

“ஏங்க, மொறச்சுப் பாத்தா இங்கிலீஷு பயந்துபோய் மண்டைக்குள்ள வந்துருமா? எந்திரிச்சு வாங்க, கரி மூடை கெடக்கு” என்றாள்.

நான் ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கரி ஏற்றிய டிராக்டர் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் ஏவுவாள். டேக் டவுன் என்றால் மூடையை இறக்க வேண்டும். டேக் ஆஃப் என்றால் தார்ப்பாயைக் கழற்ற வேண்டும். டேக் பேக் என்றால் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். தமிழில் ஒரு சொல் சொல்ல மாட்டாள்.

ஒருநாள் மச்சான் ஒருவன் பைக்கை நிறுத்தி, “ஏலே மாப்ள, ஒங்க வீட்டுல மேஸ்திரி யாருலே?” என்றான்.

“அவுக வேலைக்குப் படிக்கிறாக. நீங்க சும்மாதான நிக்கிறீக அண்ணே, ரெண்டு மூடை தூக்கிட்டுப் போங்க” என்றாள் அவள். பைக் கிளம்பிவிட்டது.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. சொன்னது புரியாவிட்டாலும் சரி என்று தலையாட்டிவிட்டுக் குத்துமதிப்பாக எதையாவது செய்வோம். திருப்பிக் கேட்டால் மானம் போய்விடும். நானும் எஸ் என்று சொல்லிவிட்டு, தார்ப்பாயைக் கழற்றச் சொன்னதற்கு மூடையைத் தூக்கினேன். அவள் தமிழுக்கு வந்துவிட்டாள்.

“புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. மேல டன் கணக்குல தொங்குது, கீழ நீங்க நிக்கிறீக. குத்துமதிப்பா செஞ்சா யாரு சாகுறது?”

திரும்பச் சொல்லுங்கள் என்பதற்கு இங்கிலீஷில் ‘சே அகெய்ன்’ என்று கேட்கப் பழகினேன். மூடை தூக்குவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

தேர்வில் டவுன் வந்தது, ஆஃப் வந்தது. செய்தேன். அடுத்து, “டேக் அப் த ஸ்லாக்” என்றார். சங்கிலி தொய்ந்து கிடந்தது. அப் என்றதும் தூக்கச் சொல்லிக் கிரேன்காரருக்குச் சைகை காட்டக் கை எழும்பியது. கையை இறக்கிக்கொண்டு, “சே அகெய்ன் சார்” என்றேன். சொன்னார். அப்போதும் புரியவில்லை. “ஐ டோன்ட் நோ சார்” என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கையிலிருந்த வாக்கி டாக்கியை அவர்கள் மேலேயே எறியலாம் போலிருந்தது.

சூப்பர்வைசர் நடந்து வந்தார். தொய்ந்த சங்கிலியைக் கையால் இழுத்து விறைப்பாக்கிக் காட்டி, சுமை எழும்பக் கூடாது என்று விரலை ஆட்டினார். அதன்படி சைகை காட்டினேன். சங்கிலி மெல்ல விறைத்தது. சுமை அசையவில்லை. கேட்டுச் செய்கிற ஆள்தான் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார்.

அவளுக்குப் போன் போட்டேன். ஜவுளிக்கடையில் இருந்தாள்.

“கெடச்சிருச்சு.”

“புரியாததக் கேட்டீகளா?”

“ரெண்டு தடவ.”

“சேலை பாக்க வந்துருக்காக, வைக்கிறேன்” என்றாள். குரல் உடைந்திருந்தது.

நன்றி சொல்லிப் பழகாத வாய் எனக்கு. அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனதும் நேரிலேயே சொன்னேன். இன்றைக்கு நான் முழுக் கைகாலோடு சம்பளம் வாங்குவது அவளால்தான்.