கறுப்புக் கட்டங்களுக்குப் பாடம் எடுத்தவர்

மண்ணியல் வாத்தியார் குடியிருந்த வீட்டில் மொத்தம் ஒன்றரை அறை. அரை அறை சமையலுக்கு. முழு அறையில் ஒரு கட்டில், ஓர் அலமாரி, துணி காயும் கொடி, ஒரு கல்லூரி. கல்லூரி என்பது சன்னலோரத்து மேசை. அதன்மேல் காலிப் பிஸ்கட் டப்பா, டப்பாமேல் மடிக்கணினி. அப்படி வைத்தால்தான் மோவாய்க்குப் பதில் முகம் தெரியும். முதுகுக்குப் பின்னால் புத்தக அடுக்கு. கேமரா பார்க்கிற அகலத்துக்கு மட்டும் புத்தகம், அதைத் தாண்டினால் ஈரப் பனியன். காலையில் குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலைச் சுற்றி நாலு எட்டு வைத்தால் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். வழியில் ஒருத்தர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. ஆரம்பத்தில் இதை ஒரு வசதி என்றுதான் அவரும் நினைத்தார்.

ஐம்பதைத் தாண்டிவிட்டார். கல்யாணம் ஆகவில்லை. பெரிய காதல் தோல்வி, வைராக்கியம் என்றெல்லாம் கதை கட்ட வழியில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார், ஒரு கட்டத்தில், தள்ளிப்போடுகிறாரா என்று கேட்பதையும் ஊர் நிறுத்திவிட்டது. பாலும் காய்கறியும் வாசலில் வைக்கப்பட்டன, மணி அடிக்கப்பட்டது, கதவைத் திறந்தால் ஆள் இல்லை. வெளியூரில் இருக்கும் அக்கா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

“என்னடா, இன்னும் அந்தப் பொட்டியோடதான் பேசிட்டிருக்கியா?”

“பொட்டியோட இல்லக்கா, பிள்ளைங்களோட.”

“பிள்ளைங்க திருப்பிப் பேசுதா?”

“கேட்டுட்டிருக்குதுங்க.”

“கல்யாணம் பண்ணிக்கடான்னப்ப, வீட்ல யாராவது தொணதொணன்னா தலைவலி வரும்னே. இப்பப் பாரு, தலைவலியே இல்லாம எவ்ளோ சௌக்கியமா இருக்க.”

பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்களா என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம். திரையில் தெரிந்தவை கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர். அந்தப் பெயர்களும் பெற்றோர் வைத்தவை அல்ல. ‘அப்பாவின் போன்’ என்று ஒன்று, ‘தூங்குமூஞ்சி’ என்று ஒன்று, வெறும் புள்ளியாக ஒன்று. கேமராவைப் போடுங்கள் என்றால் எல்லாருக்கும் கேமரா கெட்டிருந்தது. ஒரே வகுப்பில் இத்தனை கேமரா கெட்டுப்போக ஏதாவது கிரகணம்தான் காரணமாக இருக்க வேண்டும். ஆனாலும் வாத்தியார் அந்தக் கட்டங்களைப் பார்த்துக் காலை வணக்கம் சொன்னார், வண்டல் மண்ணின் குணநலன்களைச் சொன்னார், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்தார். அக்காவின் போனை விட்டால், வாரம் முழுக்க அவர் வாய் திறப்பது அந்த வகுப்புகளில்தான்.

ஒருநாள் துறைத்தலைவி அழைத்தார். வயதிலும் வேலையிலும் இவருக்கு இளையவர், மரியாதை தெரிந்தவர்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க.”

இப்படி ஆரம்பித்த பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

“சொல்லுங்க மேடம்.”

“உங்க வகுப்புல பங்கேற்பு ரொம்பக் கம்மியா காட்டுது. யாரும் எதையும் அமுக்கறதில்ல, டைப் பண்றதில்ல. சும்மா பார்த்துட்டிருக்கறதுக்கு நேரலை எதுக்கு, அவரோட பழைய ரெக்கார்டிங்கையே அடுத்த வருஷம் ஓட்டிக்கலாமேன்னு மேலிடத்துல கேக்கறாங்க.”

“அப்ப நான்?”

“சம்பளத்துக்கு ஒண்ணும் ஆகாது சார். வீடியோவுக்கு வர்ற கமென்ட்டுக்குப் பதில் போட்டுட்டிருக்கலாம். இந்தப் பருவம் முடியறதுக்குள்ள பங்கேற்பைக் கொஞ்சம் ஏத்திக் காட்டுங்க. நான் பேசிப் பாக்கறேன்.”

சம்பளம் வரும், வகுப்பு இருக்காது. வேறு யாராக இருந்தாலும் தெருவுக்கே மிட்டாய் கொடுத்திருப்பார்கள். வாத்தியாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கல்லூரி அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. அதாவது, அதே மேசையில் அதே டப்பாவுக்கு எதிரில் உட்காரச் சொன்னது. விரிவுரை செத்துவிட்டது, இனி மாணவர்கள்தான் பேச வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் மூச்சுவிடாமல் ஒருநாள் முழுக்க விரிவுரைத்தார். வாத்தியார் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

முதலில் குழு விவாதம். ஒரு பொத்தானை அமுக்கினால் மாணவர்கள் சிறுசிறு அறைகளாகப் பிரிந்துவிடுவார்கள். அமுக்கினார். பிரிந்துவிட்டார்கள். அமுக்கியவர் மட்டும் பெரிய அறையில் தனியாக மிஞ்சினார். இந்த ஒரு விஷயத்தைப் பயிற்சியில் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் தன் முகத்தையே திரை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் சவரம் சரியாக இல்லை. பொறுக்காமல் ஒரு குழுவுக்குள் எட்டிப்பார்த்தார். அங்கே நிசப்தம். இன்னொன்றில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இவர் பெயர் திரையில் வந்ததும் சட்டென்று நின்றது.

“என்ன பேசிட்டிருந்தீங்க?”

“மண்ணைப் பத்தித்தான் சார்.”

“நல்லது, பேசுங்க” என்று சொல்லிவிட்டு, கல்யாண வீட்டில் தவறான பந்தியில் உட்கார்ந்துவிட்டவர் போல மெல்ல எழுந்து வந்தார்.

அடுத்தது காத்திருப்பு. கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர் தானே பதில் சொல்லிவிடக் கூடாது. அசையாமல், அவசரப்படாமல், முகத்தில் எதிர்பார்ப்போடு காத்திருக்க வேண்டும் என்பது பயிற்சியாளர் வாக்கு. வாத்தியார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. “களிமண்ணில் மட்டும் தண்ணீர் ஏன் தேங்குகிறது?” என்று கேட்டார். காத்திருந்தார். எதிர்பார்ப்புக்காக வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டார்.

“சார் நின்னுட்டார்டா” என்றது தூங்குமூஞ்சி.

“நெட்டு போச்சு போல.”

“வாயைப் பாரேன்! ஸ்கிரீன்ஷாட் எடு, ஸ்கிரீன்ஷாட் எடு.”

“பாவம், விடுங்கடா” என்றது அப்பாவின் போன். அது ஒரு பெண்ணின் குரல்.

“திரும்ப வந்தா சொல்லுங்க. நான் சாப்பிடப் போறேன்.”

வாத்தியார் அப்போதே ஒரு தும்மல் போட்டிருக்கலாம். ஆனால் அசைந்தால், இத்தனையும் காதில் விழுந்தது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், சங்கடப்படுவார்கள். அந்த நாகரிகத்துக்காகவே, கடைசிக் கட்டம் மறைகிறவரை மனிதர் இமை கொட்டாமல் இருந்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். அன்று முதல் அவருக்குப் ‘பனிக்கட்டி’ என்று பெயர்.

பருவத்தின் கடைசி வகுப்புக்கு முன்னால் பயிற்சிக் குறிப்புகளை மூடிவைத்துவிட்டு ஒரு செய்தி அனுப்பினார். ‘அவரவர் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுங்கள். கண்ணாடிச் சீசாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். வகுப்பில் குலுக்கிக் கேமரா முன் வையுங்கள். உங்கள் முகம் வேண்டாம். சீசா போதும்.’

முகம் வேண்டாம் என்றதும் கேமராக்களுக்கு உடம்பு சரியாகிவிட்டது. கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. ஊறுகாய்ச் சீசா, மருந்துச் சீசா, ஒருத்தன் மீன்தொட்டியையே வைத்திருந்தான். எல்லாவற்றிலும் கலங்கல். மணல் பொத்தென்று அடியில் இறங்கியது. அதன்மேல் வண்டல் மெதுவாகப் படிந்தது. களி மட்டும் எனக்கென்ன அவசரம் என்று மேலே மிதந்தது.

“சார், என்னோடது அடங்கவே மாட்டேங்குது” என்றாள் அப்பாவின் போன்.

“எங்கேம்மா எடுத்தீங்க?”

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் முந்திக்கொண்டது: “ஏண்டி, என் போனை வெச்சுக்கிட்டு சேத்தையா காட்டிட்டிருக்க?”

“அப்பா, கிளாஸ்ப்பா!”

“சார், என்னோடதுல ஒரு புழு நெளியுது!” என்றான் தூங்குமூஞ்சி.

“அதுவாவது கேமராவுக்கு முன்னாடி வந்துச்சே. வருகை போட்டுக்கறேன்” என்றார் வாத்தியார்.

அத்தனை ஒலிவாங்கிகளும் ஒரேயடியாகத் திறந்துகொண்டு சிரித்தன. சொன்னது தான்தானா என்று வாத்தியாருக்கே சந்தேகம்.

“சார், உங்க சீசா எங்க?”

அவரிடம் இல்லை. மற்றவர்களை மண் எடுக்கச் சொன்னவருக்குத் தானும் கீழே இறங்கிப் போகலாம் என்பது தோன்றவே இல்லை.

“போய் எடுத்துட்டு வாங்க சார். நாங்க இருக்கோம்.”

படிகளில் தடதடவென்று இறங்கினார். வேலியோரம் ஒரு பிடி அள்ளினார். மூச்சிரைக்க ஏறும்போது, இத்தனை நேரத்தில் எல்லாரும் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தார். ஒரு கட்டம்கூடக் குறையவில்லை.

“சார்! பேன்ட்ல யானைக்குட்டி போட்டிருக்கு!”

மேலே இஸ்திரிச் சட்டை, கீழே வீட்டுக் கால்சட்டை. ஓடிவந்த வேகத்தில் கேமரா முழு ஆளையும் பிடித்துவிட்டது. வாத்தியார் குனிந்து யானைகளைப் பார்த்தார். “வீட்ல இதுங்கதான் சார் எனக்குத் துணை” என்று மாணவனையே சார் போட்டுச் சொன்னார். மறுபடியும் சிரிப்பு. வகுப்பு நேரம் முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. எங்கள் தெரு மண் சிவப்பு, எங்கள் மொட்டைமாடித் தொட்டி மண் கறுப்பு என்று பேச்சு நீண்டுகொண்டே போனது.

மறுநாள் துறைத்தலைவியை அவரே அழைத்தார். இதற்கு முன் அப்படி அழைத்ததே இல்லை.

“மேடம், நேத்து வகுப்பைப் பாத்தீங்களா?”

“அதைத்தான் சார் கேக்கலாம்னு இருந்தேன். நேத்து கணக்கு சுத்தமா பூஜ்யம். ஓட்டெடுப்பு வெக்கலியா? ஒருத்தரும் ஒரு வரிகூட டைப் பண்ணலியே?”

“பேசினாங்க மேடம். எல்லாரும் வாயைத் திறந்து பேசினாங்க.”

“பேச்சு கணக்குல வராதே சார். சரி, ரெக்கார்டிங் அனுப்புங்க, அதைக் காட்டி ஏதாவது சொல்லிப் பாக்கறேன்.”

ரெக்கார்டிங் இல்லை. வாத்தியார் அந்தப் பொத்தானை அமுக்க மறந்துவிட்டார். சீசாக்கள் தெரிய ஆரம்பித்த பரவசத்தில் அப்படி ஒரு பொத்தான் உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“பிள்ளைங்களை வேணா கேட்டுப் பாருங்க மேடம்.”

“நான் நம்பறேன் சார். சிஸ்டம் நம்பணுமே. அதைப் பொறுத்தவரைக்கும் அந்த வகுப்பு நடக்கவே இல்ல.” அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. “பழைய வீடியோவையே போட்டுடறோம்.”

இப்போது அந்த வீடியோக்கள் ஓடுகின்றன. அவற்றில் வாத்தியார் சற்று இளமையாக, தடங்கல் இல்லாமல், யாரையும் ஒரு கேள்வி கேட்காமல் பாடம் நடத்துகிறார். நிஜ வாத்தியார் வகுப்பு நேரத்துக்குக் குளித்து, சட்டை மாட்டி, மேசைக்கு வந்து கருத்துப் பெட்டியைத் திறந்து வைக்கிறார். பெரும்பாலும் காலியாக இருக்கும். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவர் எழுதியிருந்தார்:

‘இந்த சார் உயிரோட இருக்காரா?’

வாத்தியார் ஒரு பத்தி எழுதினார். அழித்தார். கொஞ்சம் சுருக்கி எழுதி அதையும் அழித்தார். கடைசியில், ‘இருக்கிறேன்’ என்று அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. ‘ஐயோ சாரி சார். களிமண் பரீட்சைக்கு வருமா?’

‘வரும்.’

அதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது. வாத்தியார் அடுத்த கேள்விக்காக மேசையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார்.