லோரெட்டா ஒத்திகை பார்த்த ஊர்கள்

ஜப்பானின் சசெபோ துறைமுகத்தில் எங்கள் அமெரிக்கக் கப்பல் நிற்கும் நாட்களைவிட நிற்காத நாட்கள்தான் அதிகம். கடற்படைக்காரனுக்கு வாக்கப்பட்டவள் இதற்கெல்லாம் மூக்கைச் சிந்தக்கூடாது என்பது எங்கள் முகாமில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை வரி பிசகாமல் காப்பாற்றிய புண்ணியவதி யாரென்று கேட்டால், எல்லாரும் லோரெட்டா ப்ரூயிட்டைத்தான் காட்டுவார்கள். நாற்பத்தாறு வயது, ஆர்கன்சாஸ்காரி, கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். பிள்ளை இல்லை. புருஷன் வெண்டல் கப்பலின் இயந்திர அறையில் சீஃப்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அது வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. கப்பல் கிளம்பிப் போனதும் லோரெட்டா ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவாள். தனியாக, பஸ்ஸிலும் ரயிலிலும் படகிலும். அடுத்த தடவை வெண்டல் வரும்போது இருவரும் போகவேண்டிய இடத்துக்கு முதலில் தான் மட்டும் போய் ஒத்திகை பார்ப்பாள்.

இது சும்மா வந்த பழக்கம் இல்லை. ஜப்பானுக்கு வந்த புதிதில், நாற்பது நாள் கழித்துக் கரையேறிய வெண்டலை வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புஜத்தில் பச்சை குத்தியிருக்கிறது, அப்படிப்பட்டவர்களைக் குளிக்க விடுவதில்லை என்று வாசலிலேயே கைகூப்பித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாப்பிடப் போன கடைக்கு அன்று விடுமுறை. திரும்பும் பஸ் ஏறினால் அது எதிர்த்திசையில் போகிறது. வெண்டல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். மறுநாளே கப்பலைக் கூப்பிட்டுவிட்டார்கள். கிடைத்த ஒரே நாளைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டோமே என்று அவள் ஒரு வாரம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இனி அவனுடைய ஒரு மணி நேரம்கூட வீணாகக்கூடாது என்று அப்போது முடிவு செய்ததுதான்.

அதிலிருந்து எல்லாம் கச்சிதம். பச்சை குத்தியவனையும் உள்ளே விடும் குளியல் எது, எந்தக் கடைக்கு என்றைக்கு லீவு, மலைக்கோயிலில் வெண்டலின் முழங்கால் தாங்குகிற பக்கத்துப் படி எது, எல்லாம் நோட்டில் இருக்கும். சாப்பாட்டைக்கூட முதலில் தான் சாப்பிட்டுப் பார்த்துவிடுவாள். பிறகு அவனோடு போகும்போது, "இங்க பாரேன், இந்தச் சந்துக்குள்ள ஒரு கடை இருக்கு" என்று அன்றுதான் கண்டதுபோல நிற்பாள்.

"உனக்கு மட்டும் எப்படி அம்மணி இதெல்லாம் கண்ணுல படுது?" என்பான் வெண்டல்.

"உனக்குக் கண்ணு, எனக்கு மூக்கு. வா, உள்ள போய்ப் பாப்போம்."

அவன் கப்பலில் போய்ப் பீற்றிக்கொள்வான். என் பெண்டாட்டியைக் கண்ணைக் கட்டி விட்டாலும் நல்ல கடை வாசலில்தான் போய் நிற்பாள், ஜப்பானென்றால் அவளுக்கு உயிர் என்று. இயந்திர அறையில் இருக்கும் இருபது பேருக்கும் அது மனப்பாடம்.

அவளுக்கு ஜப்பான் உயிரும் இல்லை, விரோதமும் இல்லை. எல்லா இடத்துக்கும் குறைந்தது இரண்டு தடவை போனாள், அதில் முதல் தடவை பக்கத்து இருக்கை காலி. அவ்வளவுதான் அவள் கண்ட ஜப்பான். நான்கு நாள் சிரிப்பதற்கு நாற்பது நாள் தனியாக அலைந்தவளுக்கு, நான்காவது வருஷம் அலுத்துவிட்டது. உள்ளது உள்ளபடி சொன்னால், பயமும் வந்துவிட்டது. ஒருநாள் ரயிலில் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபோது உதடு அசைந்துகொண்டிருந்தது. யாருமில்லாத இடத்தில் வெண்டலிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

இந்த அக்டோபரில் வெண்டலின் கடற்படைப் பணித் தவணை முடிகிறது. ஓய்வு வாங்கிக்கொண்டு ஆர்கன்சாஸ் போகலாம், இல்லையென்றால் இதே கப்பலில் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாம். "வந்ததும் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போன தடவை கிளம்பினான். லோரெட்டா அப்போதே தீர்மானித்துவிட்டாள். வீட்டுக்குப் போகலாம் என்று இந்த முறை வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் அவனிடம் எதையும் வேண்டும் என்று கேட்டுப் பழக்கமில்லை. ஆகவே அதற்கும் ஒத்திகை பார்த்தாள்.

படகில் ஐம்பது நிமிஷம் போனால் ஒரு சின்னத் தீவு. படகுத்துறைக்கு எதிரிலேயே நூடுல்ஸ் கடை. நடத்துபவள் உரகாவா என்ற அம்மாள், ஒரு காலத்தில் எங்கள் முகாம் உணவகத்தில் பாத்திரம் கழுவியவள், அரைகுறை ஆங்கிலம் பேசுவாள். ஜன்னல் ஓரம் இருவர் உட்காரும் மேஜை ஒன்று உண்டு. அங்கே வைத்துச் சொல்வதென்று முடிவு செய்து, அந்த வசந்தத்தில் பதினொரு தடவை போய் வந்தாள்.

ஏப்ரல் கடைசியில் கப்பல் வந்தது. கிடைத்தது நான்கு நாள். முதல் நாள் முழுக்க வெண்டல் தூங்கினான். இரண்டாம் நாள் காலைப் படகில் ஏறினார்கள். வெயில் நன்றாக இருந்தது. வெண்டல் மொட்டை மண்டையில் தொப்பியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தனக்குள் சிரித்தான்.

"என்ன, ஒரு மாதிரியா இருக்க?" என்றாள்.

"உனக்கு ஒரு சேதி வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

"நல்லதா கெட்டதா?"

"நீ குதிக்கப்போற பாரு."

லோரெட்டா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிட்டானோ? கேட்காமலே கிடைக்கப்போகிறதோ? அந்த ஐம்பது நிமிஷமும் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடை வாசலில் வழக்கம்போல, "இங்க ஏதோ வாசனை வருதே" என்று ஆரம்பித்தாள். வெண்டல் திரைத்துணியை விலக்கிக் குனிந்து நுழைந்தான். உள்ளே கரண்டியோடு நின்ற உரகாவா அம்மாள் முகமெல்லாம் மலர வெளியே ஓடிவந்தாள்.

"லோரி, இன்னிக்கு ரெண்டு பேரா? இன்னிக்கு ரெண்டு பேரா?"

அவள் சும்மா விட்டிருந்தாலாவது சமாளித்திருக்கலாம். ஜன்னல் மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போய், எதிர் நாற்காலியை இழுத்துத் துடைத்து, வெண்டலின் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "எப்பவும் இந்த நாற்காலிகிட்டதான் பேசுவாங்க. மெதுவா பேசுவாங்க. நீங்க செத்துப்போயிட்டீங்கன்னு நான் நெனச்சேன். மன்னிச்சுக்கணும்" என்று இடுப்புவரை குனிந்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு இப்படி யாராவது ஒருத்தி வந்து சேருவாள்.

வெண்டல் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். "எத்தன தடவ வந்த?"

"இங்கயா? பதினொண்ணு."

"அப்போ நாம போனோமே, அந்த பீங்கான் சந்தை?"

"ரெண்டு."

"பச்சை குத்தினவங்கள விடுற குளியல்?"

"அதுக்கு ஆறு இடம் ஏறி இறங்கினேன்."

அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான், அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நோட்டையும் எடுத்து முன்னால் வைத்தாள். வெண்டல் பக்கங்களைப் புரட்டினான். முழங்கால் என்று எழுதியிருந்த இடத்தில் அவன் விரல் நின்றது.

"நாற்காலிகிட்ட என்ன பேசின?"

பதினொரு தடவை பார்த்த ஒத்திகை எங்கேயோ போய்விட்டது. "வீட்டுக்குப் போகலாம்னு" என்றாள். "இனிமே முடியல வெண்டல். இந்த ஊரு மேல குத்தமில்ல. எனக்குத் தனியா இருக்க முடியல."

வெண்டல் ஜன்னல் பக்கம் திரும்பினான். காது மடல் சிவந்துவிட்டது.

"சொல்லித் தொலையேன். நீ சொல்ல வந்த சேதி என்ன?" என்றாள்.

"போன செவ்வாக்கிழம கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். ரெண்டு வருஷம்." அவன் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு என்னடி ஆசை இருக்கு? முட்டி தேஞ்சுபோச்சு, காது பாதி கேக்கல. உனக்காகத்தான் போட்டேன். இந்த ஊர விட்டுப் போனா நீ வாடிப்போயிடுவன்னு நெனச்சேன். ஒவ்வொரு கடைக்குள்ளயும் சின்னப் பிள்ள மாதிரி சிரிச்சியே."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். லோரெட்டா அதை நோட்டுப் போட்டு, நேரம் குறித்து, நான்கு வருஷமாக வைத்திருக்கிறாள்.

"ஒரே ஒரு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா நான் போட்டிருக்க மாட்டேனே" என்றான்.

"நாலு நாளைக்கு வர்ற மனுஷன்கிட்டயா மூஞ்சியத் தூக்கி வைப்பாங்க?"

உரகாவா அம்மாள் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் நகர்ந்தாள். மீனும் முட்டைக்கோஸும் மிதக்கும் அந்தச் சூப்பை ஆறவிட்டால் வாயில் வைக்க முடியாது. இருவரும் ஆறவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் வெண்டல் சீருடை மாட்டிக்கொண்டு அலுவலகம் போனான். மதியம் திரும்பி வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே தலையை ஆட்டினான். போட்டது போட்டதுதான், ஆள் பற்றாக்குறை, திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். "வேணும்னா நீ மட்டும் முன்னாடி ஊருக்குப் போயிடலாம்கிறாங்க. போனா திரும்பக் கூட்டிட்டு வர மாட்டாங்களாம்."

"அங்க போய் எந்த நாற்காலிகிட்டப் பேச?" என்றாள்.

அன்று அவர்கள் எங்கேயும் போகவில்லை. அவன் சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டினான், அவள் துணி மடித்தாள். நடுநடுவே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சிரிக்கவில்லை, அவனும் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை.

நான்காம் நாள் கப்பல் கிளம்பியது. துறையில் எங்கள் பெண்கள் கூட்டம், கொடி, குழந்தைகள். வெள்ளுடுப்பு போட்ட பையன்கள் கப்பலின் ஓரம் நெடுக வரிசையாக நின்றார்கள். கரையில் நிற்பவர்கள் சிரித்துக் கையாட்ட வேண்டும், அழுவதென்றால் காரில் போய் அழவேண்டும். லோரெட்டா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் டானா, புதுக்கல்யாணக்காரி, துள்ளித் துள்ளிக் கையாட்டிக்கொண்டிருந்தவள், அவளைப் பார்த்து முழங்கையால் இடித்தாள்.

"சிரிங்க லோரெட்டாக்கா. மேல இருந்து பாத்துக்கிட்டு இருப்பார்ல."

"என் ஆளு இன்ஜின் ரூம்ல இருக்கார். கப்பல் கிளம்புறப்போ மேல வர முடியாது. அங்க ஜன்னலும் கெடையாது."

"எப்பவுமேவா?"

"எப்பவும்தான்."

டானா வெகுளி. கையாட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள். "அப்போ பாக்காத ஆளுக்கா இத்தன வருஷமா வந்து நின்னு சிரிச்சீங்க?"

லோரெட்டாவுக்குக் காருக்குப் போகும்வரைகூடத் தாங்கவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில், கப்பலைப் பார்த்தபடியே, பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.