ரம்பமா, கொடுவாளா? சேந்தமங்கலத்தில் ஒரு விறகுப் பயணம்

"அங்கிள், அத்தாவுக்கு ரத்தம் வந்தா லேசுல நிக்காது. எதை வெச்சு விறகு வெட்டப் போறீங்க?"

ரஹீம் பாயின் மகள் ஷமீமா போன பிப்ரவரியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. முப்பத்து நான்கு வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் நான். விடை தெரியாத கேள்வி வந்தால் "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, இரவோடு இரவாகப் படித்துக்கொண்டு போவேன். இந்தக் கேள்விக்கு அப்படித் தள்ளிப்போட முடியவில்லை. அந்தச் சனிக்கிழமையே சேந்தமங்கலம் கிளம்புவதாக இருந்தோம்.

பாய் சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அஸ்தம்பட்டியில் எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறோம். ஒன்றரை வருடம் முன்பு அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. சவரம் செய்யும்போது பட்ட கீறலே கால் மணி நேரம் ஒழுகும். இதுவரை கேஸ் அடுப்போடுதான் போனோம். இந்த முறை விறகில் நெய்ச்சோறு ஆக்கியே தீருவேன் என்று பாய் பிடிவாதம் பிடித்தார். "ஒரு சொட்டு ரத்தம் வராது" என்று ஷமீமாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போனேன்.

இரும்புக் கடையில் மூன்று கருவிகளை எடுத்துப் பார்த்தேன். கோடாலி 520 ரூபாய், கொடுவாள் 380, மடக்கு ரம்பம் 450. என்ன விறகு என்பது எனக்கு முன்பே தெரியும். சேந்தமங்கலத்தில் நாங்கள் தங்கப்போகும் தோட்டத்துக்காரர் போனில் சொல்லியிருந்தார்: வேலியோரம் காய்ந்து கிடக்கும் சீமைக்கருவேலம். மணிக்கட்டை விடத் தடிமன் இல்லாத கிளைகள்.

வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன். கோடாலி, உயரத்திலிருந்து விழும் கல். குறி தவறினால் அது நிற்கிற இடம் உங்கள் முழங்கால் எலும்பு. தடித்த கட்டையைப் பிளக்கத்தான் அது வேண்டும். கொடுவாள் பச்சைக் கிளைக்கு அருமையானது. ஆனால் காய்ந்த கருவேலம் சிலேட்டு மாதிரி. சாய்வாக விழாத வெட்டு துள்ளி எழும். ரம்பம் அப்படி இல்லை. வைத்த இடத்தில் நிற்கும், இழுத்தால்தான் வெட்டும், கையை எடுத்தால் சும்மா கிடக்கும். இத்தனையும் யோசித்து ரம்பத்தை வாங்கினேன். பாய் அதை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன வாத்தியாரே, இதுல வெண்டைக்கா நறுக்கலாம். விறகெங்க அறுக்கறது?"

சனிக்கிழமை காலை 7.10க்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். புதிய பேருந்து நிலையத்தில் எட்டு மணி நாமக்கல் பேருந்து. சுமார் 55 கிலோமீட்டர், ஆளுக்கு 42 ரூபாய். மல்லூர் தாண்டியதும் கண்டக்டர் எங்கள் இருக்கைக்குக் கீழே குனிந்து, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை இழுத்தார். தாள் கிழிந்து கொடுவாளின் மூக்கு எட்டிப் பார்த்தது. பாய் எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறார்!

"ஏனுங்க பாய், அருவாளோட ஏறியிருக்கீங்க? எவனாச்சும் பாத்துட்டு போன் அடிச்சா நாந்தான பதில் சொல்லோணும்?"

"விறகு வெட்டத்தாங்க. டூர் போறோம்."

"இந்த வயசுல விறகு வெட்டவே டூரா? ஊட்டுல கேஸ் தீந்துபோச்சுங்களா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமக்கல் வரை கொடுவாள் டிரைவர் பக்கத்தில் சாக்குக்குள் பயணம் செய்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷமீமாவின் முகம்தான் கண்ணுக்குள் இருந்தது.

9.20க்கு நாமக்கல். இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணி டவுன் பஸ்ஸில் ஏறி, 10.35க்குச் சேந்தமங்கலத்தில் இறங்கினோம். அங்கிருந்து கொல்லிமலைப் பக்கமாக மூன்று கிலோமீட்டர், ஆட்டோ 120 ரூபாய். வண்டி ஓடிய நேரம் முழுக்க நான் பாயிடம் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்: கொடுவாளை எடுக்கக் கூடாது, ரம்பத்தைத் தொடக் கூடாது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "அப்பறம் அவர எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்றார்.

தோட்டம் அழகான இடம். மாமரத்தடியில் கூடாரம், பம்பு செட்டில் தண்ணீர், கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மத்தியானம் தூங்கி எழுந்து, பாய் அஸர் தொழுகை முடித்த பிறகு, 4.45க்கு வேலியோரம் போனோம். பக்கத்து வயலில் செல்லாயி என்கிற அம்மாள் ஆட்டுக்குத் தழை அறுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் வேலை செய்பவர், ஐம்பது வயது இருக்கும்.

ஒன்றும் செய்யாமல் உட்கார பாய்க்குப் பிடிக்கவில்லை. ஆபத்தில்லாத வேலை ஒன்றைத் தருவோம் என்று நினைத்தேன். "நான் அறுக்கறேன், நீங்க கிளை ஆடாம பிடிச்சுக்குங்க." முள் இல்லாத இடமாகப் பார்த்துப் பிடிக்கச் சொன்னேன். ரம்பத்தின் பல் அவர் கையிலிருந்து இரண்டு அடி தள்ளியே இருந்தது. அதை நான் கண்ணால் அளந்தேன். இரண்டாவது கிளை முக்கால்வாசி அறுபட்டபோது, மற்ற கிளைகளுக்குள் சிக்கி வளைந்து நின்ற அதன் நுனி சட்டென்று விடுபட்டு வில் மாதிரி திரும்பியது. பாயின் இடது கட்டைவிரலுக்குக் கீழே, சதைப்பற்றான இடத்தில், விரல் நீள முள் ஒன்று கிழித்துக்கொண்டு போனது.

மணி 4.58. ரத்தம் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கியது. துண்டை வைத்து அழுத்தினேன். நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி எடுத்தேன். செல்லாயி அறுத்த தழையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"துண்ட எடுத்து எடுத்துப் பாத்தா எப்படிங்க நிக்கும்? ஒலைய மூடி வெச்சாத்தான சோறு வேகும்? உடுங்க இப்படி." என் கையைத் தட்டிவிட்டு, அவரே அழுத்தி, பாயின் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "சாமி, உக்காருங்க. ஒண்ணும் ஆவாது. நீங்க ஆட்டோவுக்குப் போன் பண்ணுங்க, வாத்தியாரே."

ஆட்டோ வர இருபது நிமிடம் ஆனது. செல்லாயி ஒரு தடவையும் துணியை எடுக்கவில்லை. ஆட்டோவில் நான் அதே மாதிரி அழுத்திக்கொண்டே போனேன். சேந்தமங்கலம் மருத்துவமனையில் துண்டை எடுத்தபோது ரத்தம் கசிவாகக் குறைந்திருந்தது. உள்ளே முள் ஒடிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், கழுவினார்கள், ஒரு தையல், ஒரு ஊசி. இன்னும் ஆழமாகப் போயிருந்தால் சேலத்துக்கே அனுப்பியிருப்போம் என்றார் மருத்துவர். வெளியே வந்து ஷமீமாவுக்கு நானே போன் செய்தேன். ஒன்றும் மறைக்கவில்லை. "அத்தாவை இன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள்.

6.30க்கு கூடாரத்தைப் பிரிக்கத் தோட்டத்துக்குத் திரும்பினோம். அங்கே விறகு இரண்டு கட்டாக அடுக்கியிருந்தது. செல்லாயி கடைசிக் கிளையில் நின்றார். வலது கையில் பாயின் கொடுவாள். இடது கையில், நுனியில் கவட்டை விட்ட நாலடிக் கம்பு. அந்தக் கவட்டையால் கிளையின் கழுத்தைத் தரையோடு அழுத்தினார். பிறகு சாய்வாக ஒரு வெட்டு. வெட்டிய கிளையைக் கையால் தொடவே இல்லை. அதே கம்பால் தள்ளிவிட்டார்.

"முள்ளு வெட்டறதுன்னா மொதல்ல கவைக்கோல் தேடோணுங்க. அப்பறந்தான் கொடுவா," என்றார். "வலது கைக்கு என்னென்னமோ ரோசன பண்ணியிருக்கீங்க. எடது கைக்கு என்னுங்க கொண்டாந்தீங்க?"

பாய் கட்டுப் போட்ட இடது கையைத் தூக்கிக் காட்டி, "என்னைத்தாம்மா கொண்டாந்தார்" என்றார். அன்று நான் சிரித்தது அப்போதுதான். உடனே கண்ணும் கலங்கியது.

நெய்ச்சோறு ஆகவில்லை. வாடகைக் கார் 1,900 ரூபாய். ஒன்பது மணிக்குள் வீடு. பத்து நாள் கழித்துத் தையல் பிரித்தார்கள். ஷமீமா என்னைக் கூப்பிட்டு, "இனிமே எப்படி வெட்டுவீங்கன்னு காட்டுங்க, அப்பறம் முடிவு பண்றேன்" என்றாள். அவர்கள் வீட்டு முருங்கையில் ஒடிந்து தொங்கிய கிளையைக் கீழே போட்டு, கவைக்கோலால் அழுத்தி, ரம்பத்தால் அறுத்துக் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கம்பையும் ரம்பத்தையும் என்னிடமிருந்து வாங்கி, தானே இன்னொரு கிளையை அறுத்தாள். அடுத்த பயணத்துக்கு அவளும் வருகிறாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு நாள் சமையலுக்கு மணிக்கட்டுத் தடிமன் விறகு போதும். அதற்கு மடக்கு ரம்பமே நல்லது, பையிலும் அடங்கும். கொடுவாள் வேண்டுமென்றால் ஊருக்குள் தோட்டத்துக்காரரிடமே கேட்டு வாங்குங்கள், பேருந்தில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் ஒரு குச்சியையும் வெட்டாதீர்கள், தீயும் மூட்டாதீர்கள். தனியார் நிலத்தில் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். தோல் கையுறை, சுத்தமான துணி, அருகில் உள்ள மருத்துவமனையின் தூரம் ஆகியவை கையில் இருக்கட்டும். வளைந்து சிக்கியிருக்கும் கிளையை முதலில் நுனிப் பக்கமிருந்து விடுவியுங்கள். ரத்தம் வந்தால் பத்து நிமிடம் துணியை எடுக்காமல் அழுத்துங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் அழுத்தியபடியே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

இந்த வாரம் நாலடி நீளத்தில் கவட்டை உள்ள கம்பு ஒன்றைத் தேடி எடுத்து, கீழே கிடக்கும் ஒரு காய்ந்த கிளையை இடது கையால் தொடாமல், கம்பால் மட்டுமே அழுத்திப் பிடித்து அறுத்துப் பாருங்கள்.