ஈயம் பூசிய புகைக்குழாய்

உடையார்பாளையத்தில் அந்த நாளில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தது எங்கள் சித்தப்பா ஒருத்தர்தான். சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து வந்தவர், அங்கே வேண்டாமென்று கழித்துப்போட்ட வண்டி ஒன்றைத் திருச்சியில் ஏலத்தில் எடுத்து வந்தார். புகைக்குழாய் முழுக்கத் துரு, அங்கங்கே ஓட்டை. கிளப்பினால் வேட்டுச் சத்தம்தான். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். கலியாணமாகி ஒரு வருஷம் ஆகியிராத சித்தி, "ஒண்ணு அது இருக்கட்டும், இல்லே நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அரியலூரில் இருக்கிற அம்மா வூட்டுக்குப் போயிட்டாங்க.

சித்தப்பா ரெண்டு மாசம் வீறாப்பாக இருந்து பார்த்தார். அப்புறம், சத்தமில்லாத வண்டியோடு வெள்ளிக்கிழமை வருகிறேன், புறப்படத் தயாராக இரு என்று சொல்லி அனுப்பினார். சத்தம் கேட்டால் கதவைச் சாத்திவிடுவேன் என்று பதில் வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயசு. கழற்றிய குழாய்க்குள் நுழைகிற கை அந்த வீட்டில் என் கை ஒன்றுதான். அடைந்திருந்த கரியையும் குளவி கட்டிய மண்ணையும் நான்தான் சுரண்டி எடுத்தேன். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டோம். தேங்காய் நாரும் மணலும் வைத்து மூன்று நாள் தேய்த்தோம். துரு போயிற்று, ஓட்டை பெரிசாயிற்று.

நல்ல வேளையாக வியாழக்கிழமை தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்தார். அண்டாவும் குண்டானும் காத்திருந்த வரிசையில் சித்தப்பா குழாயைக் கொண்டுபோய் வைத்தார்.

"இதுல நிக்குமாங்க?" என்று ஈயம் பூசுகிறவரே சந்தேகப்பட்டார்.

"அடுப்புல ஏறுற பாத்திரத்துல நிக்குது, இதுல நிக்காதா? பூசுய்யா!"

தகரத் துண்டுகளை ஒட்டு வைத்து, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கிப் பூசினார். குழாய் வெள்ளியாட்டம் மின்னிற்று. அதை எஞ்சினில் வைத்துத் திருகாணி முடுக்கியபோது கீழே தாங்கிப் பிடித்ததும் நான்தான். கிளப்பிப் பார்த்தார். பூனை உறுமுகிற மாதிரி இருந்தது. தெருவே கை தட்டிற்று.

விடிந்ததும் என்னைப் பெட்ரோல் டாங்கியின் மேல் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். அடடா, அந்தக் காற்று! பாவாடை படபடக்க, வழியில் போன வில்வண்டியை எல்லாம் தாண்டினோம். "இன்னும் வேகமா சித்தப்பா!" என்று நான் கத்த, அவரும் முறுக்கினார். பாதி வழி தாண்டியிருப்போம், கீழே குனிந்தேன். குழாயிலிருந்து வெள்ளைத் துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன. அப்புறம் ஒட்டு ஒன்று கழன்று ரோட்டில் உருண்டது. டமார்! அடுத்தது, டமார்!

அரியலூருக்குள் நுழைந்தபோது முன்னைவிட இரண்டு பங்கு சத்தம். கதவு சாத்தியிருக்கும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சித்தி மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாங்க. சித்தப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சித்தி இறங்கி வந்து குழாயைப் பார்த்தாங்க.

"ஈயமா பூசுனீங்க? வெறும் பாத்திரத்தை அடுப்புல வெச்சா ஈயம் உருகிடும்னு தெரியாது? பட்டாளத்துல அத்தனை வருஷமா சோறுதானே ஆக்குனீங்க?"

அவர் துப்பாக்கி பிடித்தவர் என்றுதான் நாங்கள் அதுவரைக்கும் நினைத்திருந்தோம். சித்தப்பா சிரித்தார். சித்தியும் சிரித்தாங்க.

மத்தியானம் சாப்பிட்டதும் சித்தி பின்சீட்டில் ஏறிக்கொண்டாங்க. நான் ஓடிப்போய் டாங்கியில் ஏறப் போனேன்.

"டாங்கி சுடும் கண்ணு. நீ மாமாகூட பஸ்ஸுல வா" என்றார் சித்தப்பா.

வரும்போது சுடவே இல்லையே! கரி எடுத்தவள் நான், தாங்கிப் பிடித்தவள் நான், பஸ்ஸில் போகிறவளும் நானா? வழி நெடுக சித்தியின் தம்பியோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதைவிட ஆச்சரியம், எனக்கு முன்னால் கிளம்பியவர்கள் எனக்கு அப்புறம்தான் வந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. சித்தி தலையில் காலையில் இல்லாத மல்லிகைப்பூ.

"குழாய் மொத்தமும் விழுந்துடுச்சா சித்தி?" என்று ஓடிப்போய்க் கேட்டேன். சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிட்டாங்க. நான் குனிந்து பார்த்தேன். குழாய் அப்படியே இருந்தது. பிறகு எதற்கு அவ்வளவு நேரம் என்று ராத்திரி வரைக்கும் அந்த வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன்.